கேன்சஸ் 2012–2017: வருமான வரியைக் குறைத்த ஒரு மாநிலத்தின் ஐந்து ஆண்டுகள்

எந்த நிகழ்வு

2012 மே 22 அன்று அமெரிக்காவின் கேன்சஸ் மாநில ஆளுநர் ஒரு வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநில வருமான வரியைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் அதை இல்லாமலே ஆக்குவதற்கான தொடக்கம் அது. 2017 ஜூன் 6 அன்று, அவருடைய சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை இருந்த சட்டமன்றம் அவரது வீட்டோவை, அதாவது மசோதாவை மறுக்கும் ஆணையை, மீறி அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை நீக்கியது. இடையில் ஓடியவை ஐந்து ஆண்டுகளும் பதினைந்து நாட்களும்.

மாநிலங்கள் வருமான வரி வாங்கலாமா, வாங்காமல் பள்ளிக்கூடத்தையும் சாலையையும் நடத்த முடியுமா என்ற விவாதத்தில் இரு தரப்பாரும் இந்த மாநிலத்தை எடுத்துக்காட்டுகிறார்கள். பெரும்பாலும் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். என்ன நடந்தது என்பதை வரிசையாக வைத்துப் பார்க்கவே இந்த ஆய்வு. வருகிறவர்களைப் பதவியைக் கொண்டு மட்டுமே குறிக்கிறேன். தனிமனிதரின் குணமாக இதைப் படித்தால் முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்பது கண்ணில் படாமல் போகும். இன்னொன்று: இங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித்தலைவர். நம் முதலமைச்சரின் இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பின்னணி

இந்தியாவில் வேளாண் வருமானம் தவிர்த்த வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் மட்டுமே இருக்கிறது. மாநிலத்துக்கு மிஞ்சுவது தொழில் வரி போன்ற சிறு தொகைகள்தான். அமெரிக்காவில் நிலைமை வேறு. கூட்டாட்சி அரசுக்கு ஒரு வருமான வரி கட்டிய பின், பெரும்பாலான மாநிலங்களில் மாநிலத்துக்கு இன்னொன்று கட்ட வேண்டும். டெக்சஸ், புளோரிடா போன்ற சில மாநிலங்கள் மட்டும் சம்பளத்துக்கு வரி கேட்பதில்லை. கேன்சஸ் 1933 முதல் வாங்கிவருகிறது.

வருமான வரி, விற்பனை வரி, சொத்து வரி ஆகிய மூன்றின் மேல்தான் அந்த ஊர் அரசாங்கச் செலவு நிற்கிறது. முக்காலியின் மூன்று கால்கள் என்று அங்கே சொல்வார்கள். நமக்கு அடுப்பின் மூன்று கல். மாநிலப் பொது நிதியில் ஏறத்தாழப் பாதி அரசுப் பள்ளிகளுக்குப் போகிறது. மீதியில் ஏழைகளுக்கான மருத்துவ உதவி, பல்கலைக்கழகங்கள், சிறைச்சாலைகள் எல்லாம் அடங்கும். கூட்டாட்சி அரசைப் போல ஆண்டுக்கு ஆண்டு பற்றாக்குறையில் ஓட்ட மாநிலத்துக்கு வழியில்லை. வரவும் செலவும் சமமாகியே தீர வேண்டும்.

2008இன் பொருளாதாரச் சரிவு கேன்சஸை ஏற்கெனவே அடித்திருந்தது. ஒரு மாணவருக்கு மாநிலம் தரும் அடிப்படை உதவித்தொகை 4,400 டாலராக இருந்தது, 2011–12 கல்வியாண்டில் 3,780 டாலருக்கு இறங்கியிருந்தது. நிலைமையைத் தாங்க 2010இல் விற்பனை வரியை 5.3 சதவீதத்திலிருந்து 6.3 ஆக்கினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2013 ஜூலையில், அது 5.7க்கு இறங்கும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். கல்விக்குத் தகுந்த நிதி ஒதுக்குவது மாநில அரசியல் சாசனம் விதிக்கும் கடமை. அது மீறப்படுகிறது என்று, உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளான பள்ளி மாவட்டங்கள் சில 2010 நவம்பரில் வழக்கும் தொடுத்திருந்தன. 2011 ஜனவரியில் பதவியேற்ற புதிய ஆளுநருக்குக் கிடைத்த மாநிலம் இது.

அவர் கண்ட பிரச்சினையும் பொய்யானதல்ல. கேன்சஸின் கிராமப்புற மாவட்டங்கள் பல பத்தாண்டுகளாக ஆள் இழந்துவந்தன. கேன்சஸ் சிட்டி நகரப்பகுதி இரண்டு மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. ஒரு தெருவைக் கடந்தால் மிசூரி. சலுகை கிடைக்கும் பக்கம் நிறுவனங்கள் அலுவலகத்தை மாற்றிக்கொள்வது அங்கே வாடிக்கை. விமானத் தொழிலை நம்பியிருந்த விச்சிட்டா நகரை விட்டு வெளியேறப்போவதாகப் போயிங் நிறுவனம் 2012 ஜனவரியில் அறிவித்தது. வரி குறைந்தால் தொழில் வரும், தொழில் வந்தால் ஆட்கள் வருவார்கள் என்ற எண்ணம் இந்த நிலையில் பிறந்தது.

முதல் முடிவு: 2012

2012 ஜனவரியில் ஆளுநர் முன்வைத்த திட்டத்தில் வெட்டும் இருந்தது, ஈடும் இருந்தது. வரிவிகிதங்களைக் குறைப்பது வெட்டு. வீட்டுக்கடன் வட்டி உள்ளிட்ட பல விலக்குகளை நீக்குவது, விற்பனை வரியை 5.7க்கு இறக்காமல் 6.3இலேயே வைத்திருப்பது ஆகியவை ஈடு. வரிக்குறைப்பு வளர்ச்சியைத் தூண்டும் என்ற கொள்கைக்குப் பேர்போன ஒரு பொருளியலாளர் 75,000 டாலர் கட்டணத்துக்கு ஆலோசகராக அமர்த்தப்பட்டிருந்தார்.

சட்டமன்றத்துக்குள் போனதும் ஈடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒவ்வொரு விலக்குக்கும் பின்னால் ஒரு கூட்டம் இருந்தது. வெட்டுக்கு எதிராக மட்டும் யாருமில்லை. மேலவையான செனட்டில் முதல் வாக்கெடுப்பு 20–20 என்று முடிந்து மசோதா தோற்றது. பேச்சுவார்த்தைக்காகவாவது அதை உயிரோடு வைத்திருங்கள், பின்னால் சமரச வடிவம் வரும் என்று ஆளுநர் தரப்பு கேட்டுக்கொண்டதால் மறுவாக்கெடுப்பில் செனட் அதை நிறைவேற்றியது. சமரசம் கடைசிவரை வரவில்லை. கீழவை மே மாதத்தில் செனட்டின் வடிவத்தை அப்படியே ஏற்று ஆளுநருக்கு அனுப்பிவிட்டது. யாருமே இறுதி வடிவம் என்று நினைத்து எழுதாத ஒரு மசோதா இப்படித்தான் சட்டமானது. இந்த முழு நிகழ்விலும் என்னை அதிகம் உறுத்துவது இந்த இடம்தான்.

சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. 3.5, 6.25, 6.45 என்று மூன்றாக இருந்த வரிவிகிதம் 2013 முதல் 3.0, 4.9 என்று இரண்டானது. அதைவிடப் பெரிது மற்றது: எல்.எல்.சி. (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவன வடிவம்), கூட்டுத்தொழில், தனியுரிமைத் தொழில், பண்ணை ஆகியவற்றிலிருந்து உரிமையாளரின் கணக்குக்கு வரும் லாபத்துக்கு மாநில வருமான வரி முழுவதுமாக விலக்கப்பட்டது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருவர். இருவரும் மணமாகாதவர்கள், இருவருக்கும் வரிக்குரிய வருமானம் 55,000 டாலர். ஒருவர் கம்பெனியில் சம்பளம் வாங்கும் குழாய்ப் பணியாளர். மற்றவர் அதே வேலையைச் சொந்த எல்.எல்.சி. பெயரில் செய்கிறார். முதலாமவர் 15,000 டாலர்வரை 3 சதவீதம், மீதி 40,000க்கு 4.9 சதவீதம் என்று 2,410 டாலர் கட்ட வேண்டும். இரண்டாமவருக்கு மாநில வரி சுழியம். உழைப்பும் ஒன்று, ஊரும் ஒன்று, பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் ஒன்று.

முதல் ஆண்டில் 23.1 கோடி டாலர் வருவாய் குறையும், ஆறாவது ஆண்டில் அது 90 கோடியைத் தாண்டும் என்று சட்டமன்றத்தின் சொந்த மதிப்பீடே சொன்னது. ஆளுநரின் பதில், இது மாநிலப் பொருளாதாரத்தின் இதயத்துக்குப் போடும் அட்ரினலின் ஊசி என்பது. நேரடிச் சோதனை என்றும் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். வளர்ச்சி வந்து பள்ளத்தை நிரப்பும் என்று உண்மையாகவே நம்பியதாகத்தான் தெரிகிறது. நிரப்பாவிட்டால் எந்தச் செலவு நிற்கும் என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

காணப்பட்டவை: 2013, 2014

2013 ஏப்ரலில் வரிவசூல் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. ஆதரவாளர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்தப் பணம் வந்த வழி வேறு. 2013இல் கூட்டாட்சி அரசின் மூலதன ஆதாய வரி உயரப்போகிறது என்று தெரிந்ததால், நாடெங்கும் வசதியுள்ளவர்கள் பங்குகளையும் சொத்துகளையும் 2012 டிசம்பருக்குள் விற்று லாபத்தைக் காட்டிவிட்டார்கள். ஒருமுறை மட்டும் வரும் அந்த வருவாயைப் பார்த்துத்தான், 2013 கோடையில் வரிவிகிதத்தை மேலும் சில ஆண்டுகளுக்குப் படிப்படியாகக் குறைக்கும் இரண்டாவது சட்டம் வந்தது. 5.7க்கு இறங்க வேண்டிய விற்பனை வரியை 6.15இல் நிறுத்தியதும் அதே சட்டம்.

2014 வசந்தத்தில் உண்மை நிலை தெரிந்தது. ஏப்ரலில் மதிப்பீட்டைவிட 9 கோடி டாலருக்கு மேல் குறைவு. மே மாதத்தில் 21 கோடிக்கு மேல். 2013 நிதியாண்டில் சுமார் 290 கோடி டாலராக இருந்த தனிநபர் வருமான வரி அடுத்த ஆண்டில் சுமார் 220 கோடியானது. 70 கோடி டாலர் அளவுக்கு இருந்த கையிருப்பு இரண்டே ஆண்டில் பெருமளவு கரைந்தது. கடன் தரத்தை மதிப்பிடும் மூடிஸ், ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் 2014இல் மாநிலத்தின் கடன் தரத்தை ஒரு படி இறக்கின.

எல்.எல்.சி. விலக்கைப் பயன்படுத்தியவர்களின் எண்ணிக்கை இன்னொரு அதிர்ச்சி. சுமார் 1,91,000 பேர் பயன்பெறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் 3,30,000க்கும் மேல். சொந்தத் தொழில் தொடங்கியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். ஆனால் வரிக் கணக்குகளைப் பின்னர் ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டது, புதிய முதலீட்டையோ வேலைவாய்ப்பையோவிட, இருந்த வருமானத்தையே வேறு பெயரில் காட்டிக்கொண்டதுதான் அதிகம் என்று. சட்டம் திறந்து வைத்த கதவு அது. அதில் நுழைந்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

நியாயத்துக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2014க்குப் பின் எண்ணெய் விலையும் தானிய விலையும் விழுந்தன. எண்ணெயும் கோதுமையும் விளையும் மாநிலத்துக்கு அது பெரிய அடி. வருவாய்க் குறைவு முழுவதையும் வரிச் சட்டத்தின் தலையில் கட்டுவது சரியாகாது. ஆனால் அப்படிப்பட்ட ஆண்டுகளைத் தாங்குவதற்காக வைத்திருந்த கையிருப்பு, விலைகள் விழும் நேரத்தில் ஏற்கெனவே தீர்ந்துகொண்டிருந்தது.

ஒட்டுப்போட்ட ஆண்டுகள்: 2014–2016

2014 நவம்பரில் ஆளுநர் குறைந்த வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஒரு பானையிலிருந்து இன்னொரு பானைக்கு ஊற்றியதிலேயே கழிந்தன. சாலைகளுக்கென்று வாங்கிய பணம் நெடுஞ்சாலை நிதியிலிருந்து பொது நிதிக்கு மாற்றப்பட்டது. நெடுஞ்சாலைத் துறையை ‘வங்கி’ என்றே அங்கே பேச்சுவழக்கில் அழைக்கத் தொடங்கினார்கள். அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதிக்கு 2016இல் செலுத்த வேண்டிய தவணை ஒன்று, கிட்டத்தட்ட 10 கோடி டாலர், ஒத்திவைக்கப்பட்டது.

2015இல் பட்ஜெட்டைச் சமன்செய்யச் சட்டமன்றம் 113 நாட்கள் கூடியிருந்தது. அதுவரையிலான மாநில வரலாற்றிலேயே நீண்ட கூட்டத்தொடர் அது. எடுத்த முடிவு விற்பனை வரியை 6.5 சதவீதமாக்குவது, சிகரெட் வரியைப் பாக்கெட்டுக்கு 50 சென்ட் ஏற்றுவது. எல்.எல்.சி. விலக்கைத் தொடவில்லை.

கேன்சஸில் அப்போது அரிசி, பால், ரொட்டி எல்லாவற்றுக்கும் முழு விற்பனை வரி உண்டு. ஏழைக் குடும்பங்களுக்கு அந்த வரியில் ஒரு பகுதியைப் பணமாகத் திருப்பித் தரும் ஏற்பாடு முன்பு இருந்தது. 2012 சட்டம் அதை எடுத்துவிட்டது. 2013இல் மீண்டும் கொண்டுவந்தபோது வருமான வரி கட்டுபவருக்கு மட்டும் கழித்துக்கொள்ளும் சலுகையாக அது மாறியிருந்தது. வருமான வரி கட்டும் அளவுக்கே சம்பாதிக்காதவருக்கு ஒன்றும் கிடைக்காது. வரிக்குறைப்பு என்று பெயர்பெற்ற இந்த ஆண்டுகளில், மிகக் குறைந்த வருமானமுள்ள வீடுகள் பலவற்றின் மொத்த வரிச்சுமை கூடியது.

பொதுச் சேவைகளின் பக்கம் வருவோம். 2015இல் கல்வியாண்டின் நடுவிலேயே நிதி குறைக்கப்பட்டதால், சில சிறிய பள்ளி மாவட்டங்கள் விடுமுறையை முன்கூட்டியே விட்டன. ஒன்றில் 6 நாட்கள், இன்னொன்றில் 12 நாட்கள். மாணவர் எண்ணிக்கையை வைத்து நிதி கணக்கிடும் முறையே கைவிடப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒட்டுமொத்தத் தொகையாகத் தரும் முறை வந்தது. மாநிலத்தின் கிழக்கே உள்ள அரசு மனநல மருத்துவமனை ஒன்று ஆள் பற்றாக்குறையில் தவித்துவந்தது. பாதுகாப்புக் குறைபாடுகளுக்காக 2015 டிசம்பரில் கூட்டாட்சி அரசின் அங்கீகாரத்தையும், அதோடு வரும் நிதியையும் இழந்தது. அங்கே ஆள் பற்றாக்குறை பழைய நோய்தான். மருந்துக்குப் பணமில்லாத காலத்தில் அது முற்றியது.

2016 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம், ஏழை மாவட்டங்களுக்கும் பணக்கார மாவட்டங்களுக்கும் இடையிலான நிதி ஏற்றத்தாழ்வை ஜூன் 30க்குள் சரிசெய்யாவிட்டால் பள்ளிகள் இயங்க முடியாது என்றது. சிறப்புக் கூட்டம் கூட்டி 3.8 கோடி டாலர் ஏற்பாடு செய்தார்கள்.

உறுதியளித்தபடி வேலைவாய்ப்பு பெருகியதா? 2014 தேர்தலில் ஆளுநர் ஆண்டுக்கு 25,000 புதிய தனியார் வேலைகள் என்று உறுதி கூறியிருந்தார். அந்த எண்ணிக்கையின் அருகில்கூடப் போகவில்லை. 2012 இறுதியிலிருந்து 2017 வரை கேன்சஸின் தனியார் வேலைவாய்ப்பு வளர்ச்சி நாட்டின் சராசரியில் பாதிக்கும் குறைவு.

இரண்டாவது முடிவு: 2017

2016 தேர்தல்களில் வெட்டுகளை ஆதரித்த உறுப்பினர்கள் பலர் தோற்றார்கள். அவர்களில் பலர் தோற்றது எதிர்க்கட்சியிடம் அல்ல, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சொந்தக் கட்சியின் உட்தேர்தலில், மிதவாதிகளிடம். பள்ளிகளைப் பற்றிய கவலையே அந்தப் பிரசாரங்களின் மையமாக இருந்தது. புதிய சட்டமன்றம் 2017இல் கூடியபோது அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 90 கோடி டாலர் பள்ளம் காத்திருந்தது. புகையிலை நிறுவனங்கள் இழப்பீடாக ஆண்டுதோறும் தரும் தொகை குழந்தைகள் நலத் திட்டங்களுக்கு உரியது. எதிர்காலத்தில் வரவேண்டிய அந்தத் தொகையை முன்வைத்து இப்போதே பணம் திரட்டலாம் என்று ஆளுநர் யோசனை சொன்னார். சட்டமன்றம் அதை ஏற்கவில்லை.

பிப்ரவரியில் வரியை மீட்கும் மசோதா நிறைவேறியது, ஆளுநர் வீட்டோ செய்தார். வீட்டோவை மீற ஒவ்வோர் அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கீழவை 85–40 என்ற வாக்கில் அதை மீறியது. செனட்டில் மூன்று வாக்கு குறைந்து தோற்றது. மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளிகளுக்கான மொத்த நிதியே போதாது என்று தீர்ப்பளித்தது. மாணவர்களில் நான்கில் ஒரு பங்கினர் வாசிப்பிலும் கணக்கிலும் அடிப்படைத் திறனே பெறவில்லை என்று அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. இந்தத் தீர்ப்புக்குப் பின் இன்னொரு ஒட்டுக்கு இடமில்லாமல் போனது.

ஜூன் 6 அன்று இரண்டாவது வீட்டோ வந்தது. இம்முறை இரு அவைகளும் அதை மீறின: செனட் 27–13, கீழவை 88–31. செனட்டில் தேவைப்பட்டது சரியாக 27. ஒரு வாக்கு பின்வாங்கியிருந்தாலும் தோற்றிருக்கும். வரியைக் கூட்ட வாக்களித்த குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் சிலர் 2012இல் வெட்டுக்கு ஆதரவாக வாக்களித்தவர்கள். மனம் மாறியதை ஊரறியச் சொல்லி, தங்கள் ஆளுநருக்கு எதிராகவே நின்றது எளிதான காரியமில்லை.

எல்.எல்.சி. விலக்கு 2017 ஜனவரி முதலே பின்தேதியிட்டு ஒழிந்தது. விகிதங்களும் மீண்டும் மூன்றாகி, 2018 முதல் 3.1, 5.25, 5.7 என்று உயர்ந்தன. இரண்டு ஆண்டுகளில் 120 கோடி டாலர் கூடுதலாக வரும் என்பது மதிப்பீடு. 2012க்கு முந்தைய 6.45க்கு யாரும் திரும்பவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

தொடர்ந்தவை

ஆளுநர் 2018 ஜனவரியில் பதவி விலகித் தூதர் பொறுப்புக்குப் போனார். அந்த ஆண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் வென்றார். பள்ளி நிதி படிப்படியாக உயர்த்தப்பட்டது. கருவூலம் நிமிர்ந்தது, பின்னர் உபரியும் சேர்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டாட்சி அரசு தந்த உதவிக்கும் அந்த உபரியில் பங்குண்டு. உணவுப் பொருள் மீதான மாநில விற்பனை வரி 2023இல் 4 சதவீதமாகவும், 2024இல் 2 ஆகவும் இறங்கி, 2025 ஜனவரி 1 முதல் இல்லாமல் போனது. 2024 ஜூனில் சிறப்புக் கூட்டம் கூடி வருமான வரியை மீண்டும் 5.2, 5.58 என்று இரண்டு விகிதங்களாகக் குறைத்தார்கள். ஆளுநர் ஒரு கட்சி, சட்டமன்றப் பெரும்பான்மை மற்றொரு கட்சி. இருவரும் ஒத்துக்கொண்ட குறைப்பு அது. கையில் உபரியை வைத்துக்கொண்டு, எல்லா வகை வருமானத்துக்கும் ஒரே விதமாகச் செய்தது. வரிக்குறைப்பே கூடாதென்று கேன்சஸ் மக்கள் முடிவுகட்டவில்லை.

எதை மாற்றியிருக்கலாம்

முதலில், ஈடும் வெட்டும் ஒரே மசோதாவில் பிரிக்க முடியாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். கிட்டத்தட்ட அதே காலத்தில், 2013இல், வட கரோலினாவும் வருமான வரியைக் குறைத்தது. ஆனால் விற்பனை வரியின் வலையை விரித்து, விலக்குகள் பலவற்றை நீக்கி, நிறுவன வரியில் வருவாய் குறிப்பிட்ட அளவை எட்டினால்தான் மேலும் குறைப்பு என்ற நிபந்தனையோடும் செய்தது. அந்த மாநிலத்தின் கல்விச் செலவைப் பற்றியும் கடுமையான விவாதம் உண்டு, ஆனால் கேன்சஸ் பட்ட அவசரநிலையை அது படவில்லை.

இரண்டாவதாக, சம்பளம் என்ற பெயரில் வந்தால் வரி, லாபம் என்ற பெயரில் வந்தால் வரியில்லை என்ற பிரிவை ஒருபோதும் வைத்திருக்கக் கூடாது. இழந்த பணத்தைவிட இது செய்த கேடு பெரிது என்று நினைக்கிறேன். தன்னைப் போன்றே சம்பாதிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் கட்டவில்லை என்று தெரிந்த பிறகு, வரி கட்டுபவரிடம் பள்ளிக்கூடத்தின் தேவையை எடுத்துச் சொல்ல அரசுக்கு முகமில்லை.

மூன்றாவதாக, 2013 ஏப்ரலில் வந்த பணத்தைக் கையிருப்பில் போட்டுவிட்டு ஓராண்டு பொறுத்திருக்கலாம். சோதனை என்று பெயரிட்டவர்கள், எந்த எண்ணிக்கை எந்தத் தேதியில் எட்டப்படாவிட்டால் சோதனையை நிறுத்துவோம் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கலாம். 2014 மே மாதத்திலேயே நின்றிருந்தால், ஓய்வூதியத் தவணையும் சாலைப் பணமும் தப்பியிருக்கும்.

கடைசியாக, உணவுக்கான அந்தத் திரும்பத் தரும் தொகை. பட்ஜெட்டில் அது சிறிய வரி. அதை எடுத்ததற்காக எந்தச் சங்கமும் தலைநகரில் வந்து நிற்கவில்லை, நிற்க அவர்களுக்குச் சங்கமும் இல்லை. 2012இல் அதை நீக்கினார்கள். 2025இல்தான் கடைக்காரர் பில்லில் பாலுக்கும் ரொட்டிக்கும் மாநில வரி இல்லாமல் ஆனது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் பிறந்த ஒரு குழந்தை, மாநிலத்தின் பள்ளத்தை நிரப்பத் தன் பால் பாக்கெட்டிலும் பங்கு கொடுத்தபடியே பள்ளிக்குப் போய்வந்திருக்கிறது.